அம்பு எங்கே போச்சு?
(வீட்டு லேப்டாப் பாடம்: லினக்ஸில் மவுஸ் அம்புக்குறியைக் கண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது எப்படி?)



ரெட்டிபாளையத்தில் நம் அறக்கட்டளை அறையில் சனிக்கிழமை மாலைகளில் விண்ணப்பம் நிரப்ப உதவி செய்து வருகிறோம். பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, முதியோர் ஓய்வூதியம், ஹஜ் விண்ணப்பம் என்று இன்று எல்லாமே கம்ப்யூட்டர் வழியாகத்தான். அப்படி ஒரு மாலையில் ஒரு நன்னிமா பேரனின் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து தாமே நிரப்ப உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டார்:

"தம்பி, அந்த அம்பு எங்கே போச்சு?"

"இங்கேதான் இருக்கு நன்னிமா."

"உனக்கு இருக்கு. எனக்கு இல்லையே."

எங்களில் ஒருவர் மவுஸை வாங்கி, கடகடவென்று எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்துவிட்டார். ஓடிபி எண்ணைக்கூட அவருடைய போனிலிருந்து நாமே பார்த்துப் போட்டோம். உதவி செய்தோம் என்றுதான் நினைத்தோம். போகும்போது நன்னிமா சொன்னார்: "எனக்கு எழுதப் படிக்கத் தெரியும்ப்பா. கண்ணுக்குத்தான் தெரியல."

அந்த ஒரு சொல்தான் இந்தப் பாடத்தை எழுத வைத்தது. படிப்பு இருக்கிறது, அறிவு இருக்கிறது, கையும் ஆடாமல் இருக்கிறது. திரையில் ஓர் அரிசி அளவு அம்பு தெரியாததால் தம் ஆதார் எண்ணையும், வங்கிக் கணக்கு எண்ணையும், ஓடிபியையும் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. இன்று நம்மிடம் கொடுத்தார். நாளை முகம் தெரியாத ஒருவரிடம் கொடுப்பார். பாதையில் கிடந்து நடப்பவருக்கு இடையூறு தரும் பொருளை அகற்றுவதும் ஈமானின் ஒரு பகுதி என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். இந்த இடையூறை அகற்றப் பத்து நிமிடம் போதும், காசும் செலவில்லை. வீட்டில் உள்ள பிள்ளைகள் இதைப் படித்து, பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்து கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

எந்த லேப்டாப்புக்கு இந்தப் பாடம்?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்த நாளில் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படித்த நம் பிள்ளைகள் பலருக்கும் அதில் லேப்டாப் கிடைத்தது. படித்தவர் வேலைக்குப் போய்விட்டார், சிலர் வளைகுடாவுக்கே போய்விட்டார்கள். லேப்டாப் மட்டும் பீரோவுக்கு மேலே உறையோடு கிடக்கிறது.

அந்த லேப்டாப்புகளில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்ற இன்னொரு இயங்குதளமும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இது வெளிநாட்டுச் சரக்கு அல்ல. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வேலை செய்யும்படி உருவாக்கியது. முதல் பதிப்பு 2007-இல் வந்தது. லேப்டாப்பைத் திறந்ததும் எதற்குள் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் வருமே, அதில் இருக்கும் பாஸ் லினக்ஸை நம்மில் பெரும்பாலோர் தொட்டே பார்த்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்தில் போட்ட பதிப்பு இப்போது பழையதாகிவிட்டது. அதில் உள்ள பிரவுசரில் இன்றைய அரசு இணையதளங்கள் பல திறக்காது. எனவே புதிய பாஸ் லினக்ஸையோ, லினக்ஸ் மின்ட், டெபியன் போன்ற வேறொன்றையோ புதிதாகப் போட்டுக்கொள்வது நல்லது. போடுவதற்கு முன் அதில் உள்ள போட்டோக்களையும் சான்றிதழ் நகல்களையும் பென்டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். கீழே சொல்லும் முறைகள் எந்த லினக்ஸுக்கும் பொருந்தும்.

அம்பு ஏன் சாய்ந்திருக்கிறது?

செய்முறைக்கு முன் சிறு வரலாறு. இது தெரிந்தால் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது எளிது.

1968 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பர்ட் என்ற பொறியாளர் மவுஸை முதன்முதலில் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினார். அந்தக் குழு முதலில் செய்த மவுஸ் ஒரு மரப்பெட்டி. திரையில் ஓடிய அம்பு நேராக மேலே பார்த்தபடி இருந்தது. சில ஆண்டுகள் கழித்து ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1973-இல் உருவான ஆல்டோ கம்ப்யூட்டரில் அம்புக்குக் கிடைத்த இடம் அகலத்தில் 16 புள்ளி, உயரத்தில் 16 புள்ளி, அவ்வளவுதான். அவ்வளவு குறைந்த புள்ளிகளில் நேரான அம்பு மங்கலாகத் தெரிந்தது. இடது ஓரத்தை நேர்கோடாக வைத்து வலது ஓரத்தைச் சரித்து வரைந்தபோது அம்பு பளிச்சென்று தெரிந்தது. அன்று சாய்ந்தது இன்றும் சாய்ந்தே இருக்கிறது.

கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே உருவத்தை மாற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள். நாம் இன்று செய்யப்போவதும் அதே வேலைதான்.

இன்றைய லினக்ஸில் அம்புக்கு வழக்கமான அளவு 24 புள்ளி. பதினான்கு அங்குலத் திரையில், அகலத்தில் 1366 புள்ளி இருந்தால், அந்த 24 புள்ளி சுமார் ஐந்தரை மில்லிமீட்டர். ஒரு பொன்னி அரிசியின் நீளம்! அதே அளவுள்ள புதிய திரையில் 1920 புள்ளி இருந்தால் நாலு மில்லிமீட்டருக்கும் குறைந்துவிடும். அதாவது திரை நவீனமாக ஆக, மாற்றாமல் விட்ட அம்பு சிறுத்துக்கொண்டே போகும். நாற்பது வயதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவருக்கும், கண்ணில் புரை விழுந்தவருக்கும் அது தெரியாமல் போவதில் என்ன வியப்பு?

முனை மட்டுமே தொடும்

ஒவ்வொரு கர்சர் படத்திலும் ஒரே ஒரு புள்ளிதான் 'தொடும் புள்ளி'. அம்பில் அது மேல் இடது முனை. கை உருவத்தில் ஆள்காட்டி விரலின் நுனி. அம்பின் வயிறு பட்டன் மேல் இருந்தாலும் முனை வெளியே இருந்தால் கிளிக் விழாது. பெரியவர்கள் பலர் அம்பின் நடுப்பகுதியை பட்டன் மேல் கொண்டுபோய் வைத்து அழுத்துகிறார்கள். ஒன்றும் நடக்காததால் "எனக்கு இது வராது" என்று எழுந்துவிடுகிறார்கள். அம்பைப் பெரிதாக்கினால் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். ஆகவே பெரிதாக்கும் முன்பே, "ஊசி முனை மாதிரி நினைச்சுக்குங்க, நுனிதான் குத்தும்" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

கர்சர் காட்டும் ஏழு உருவங்கள்

'தீம்' என்றால் ஒரு அம்பின் படம் மட்டும் அல்ல. வேலைக்கு ஏற்ப மாறும் பல உருவங்களின் தொகுப்பு அது. விண்ணப்பம் நிரப்புபவர் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

1. அம்பு: சாதாரண நிலை.
2. விரல் நீட்டிய கை: இங்கே அழுத்தினால் வேறு பக்கம் திறக்கும்.
3. மெல்லிய செங்குத்துக் கோடு, மேலும் கீழும் சிறு கொம்புகளுடன்: இங்கே எழுதலாம்.
4. சுழலும் வட்டம் அல்லது கடிகாரம்: வேலை நடக்கிறது, பொறுங்கள். திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள்.
5. இருமுனை அம்பு: ஓரத்தைப் பிடித்து இழுத்து, பெரிதாகவோ சிறிதாகவோ ஆக்கலாம்.
6. நான்கு முனை அம்பு அல்லது மூடிய கை: பிடித்து நகர்த்தலாம்.
7. குறுக்குக் கோடு போட்ட வட்டம்: இங்கே அனுமதி இல்லை.

மூன்றாவது உருவத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். விண்ணப்பப் பெட்டிக்குள் போனதும் அம்பு மறைந்து மெல்லிய கோடாகிவிடும். வெள்ளைப் பக்கத்தில் அந்தக் கோடு கண்ணுக்குத் தட்டுப்படுவதே இல்லை. நன்னிமா "எங்கே போச்சு" என்று கேட்டது அந்த நேரத்தில்தான். அம்பு எங்கேயும் போகவில்லை, உருவம் மாறியிருந்தது.

இன்னொரு குழப்பமும் உண்டு. பெட்டிக்குள் விட்டு விட்டு மின்னும் ஒரு கோடு இருக்கிறது. அது மவுஸ் கர்சர் அல்ல. நாம் அடிக்கும் எழுத்து மின்னும் கோடு இருக்கும் இடத்தில்தான் விழும், மவுஸ் இருக்கும் இடத்தில் விழாது. பெட்டிக்குள் ஒருமுறை கிளிக் செய்தால்தான் மின்னும் கோடு அங்கே வரும். தீம் மாற்றினாலும் இந்த மின்னும் கோடு மாறாது.

முதல் படி: அளவைப் பெரிதாக்குதல்

லினக்ஸில் திரையின் தோற்றம் ஒரே மாதிரி இருக்காது. எந்த 'டெஸ்க்டாப்' போட்டிருக்கிறீர்களோ அதற்கு ஏற்ப வழி மாறும். உங்களுடையது எது என்று தெரியாவிட்டால், செட்டிங்ஸில் 'அபௌட்' என்ற இடத்தில் பெயர் இருக்கும்.

க்னோம்: 'செட்டிங்ஸ்' திறந்து 'ஆக்சஸிபிலிட்டி' பகுதிக்குப் போங்கள். பழைய பதிப்புகளில் இதற்கு 'யுனிவர்சல் ஆக்சஸ்' என்று பெயர். அதில் 'சீயிங்' என்ற பார்வைப் பகுதியில் 'கர்சர் சைஸ்' இருக்கும். 24, 32, 48, 64, 96 என ஐந்து அளவுகள்.

எக்ஸ்எஃப்சிஇ: 'செட்டிங்ஸ் மேனேஜர்', 'மவுஸ் அண்ட் டச்பேட்', 'தீம்'. தீம் பட்டியலும் அளவும் ஒரே இடத்தில் இருக்கும். பழைய லேப்டாப்புக்கு இந்த டெஸ்க்டாப்பே இலகு.

சின்னமன் (லினக்ஸ் மின்ட்): அளவுக்கு 'மவுஸ் அண்ட் டச்பேட்', தீமுக்கு 'தீம்ஸ்' பகுதியில் 'மவுஸ் பாயிண்டர்'.

மேட், பழைய க்னோம் 2: 'அப்பியரன்ஸ்', 'கஸ்டமைஸ்', 'பாயிண்டர்'.

கேடிஇ: 'சிஸ்டம் செட்டிங்ஸ்' பகுதியில் 'கர்சர்ஸ்'.

வெள்ளெழுத்து மட்டும் உள்ளவருக்கு 32 அல்லது 48 போதும். புரை உள்ளவருக்கும் பார்வை மிகவும் குறைந்தவருக்கும் 64 வைத்துப் பாருங்கள். 96 எல்லோருக்கும் தேவைப்படாது. அவ்வளவு பெரிய அம்பு, எழுதும் பெட்டியையே மறைத்துவிடும். பழைய லேப்டாப்புகள் சிலவற்றின் வரைகலைச் சில்லு 64 புள்ளி வரைதான் அம்பைத் தனியாகக் கையாளும். அதற்கு மேல் போனால் அம்பு விட்டு விட்டு நகரலாம். அப்படி நடந்தால் ஒரு படி குறைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: தீமைத் தேர்ந்தெடுத்தல்

அளவு சரியான பிறகு நிறம். க்னோமில் தீமை மாற்ற 'ட்வீக்ஸ்' என்ற சிறு மென்பொருளை நிறுவ வேண்டும். அதில் 'அப்பியரன்ஸ்' பகுதியில் 'கர்சர்' இருக்கும். மற்ற டெஸ்க்டாப்புகளில் மேலே சொன்ன இடத்திலேயே பட்டியல் இருக்கும்.

டெபியன் வழி வந்த லினக்ஸ்களின் மென்பொருள் கிடங்கிலிருந்தே இலவசமாக எடுக்கக்கூடிய சில தீம்கள்:

அத்வைதா: க்னோமுடன் வருவது. கறுப்பு அம்பு, வெள்ளை ஓரம். 24 முதல் 96 வரை எல்லா அளவும் இதில் உண்டு. அரசு இணையதளங்களின் வெள்ளைப் பக்கத்துக்கு ஏற்றது.

டிஎம்இசட்: வெள்ளை, கறுப்பு என இரண்டு வகை. எளிமையானது.

ப்ரீஸ்: கேடிஇயுடன் வருவது. இதிலும் கரிய வகை, வெளிர் வகை உண்டு.

காமிக்ஸ்: தடித்த ஓரம், பல நிறங்கள். இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்காக அம்பு மறுபக்கம் சாய்ந்த வகையும் இருக்கிறது. இடது கையால் மவுஸ் பிடிக்கும் பிள்ளைகள் இதைப் போட்டுப் பாருங்கள்.

கண்ணில் புரை உள்ளவருக்கு வெள்ளைத் திரையே கூசும். அந்தக் கூச்சத்தில் வெள்ளை அம்பு கரைந்துவிடும். அவருக்குக் கறுப்பு அம்பு, வெள்ளை ஓரம் பொருந்தும். கரும்பின்னணி வைத்து வேலை செய்பவருக்கு வெள்ளை அம்பு, கறுப்பு ஓரம். ஓரமே இல்லாத ஒற்றை நிற அம்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தன் நிறத்திலேயே உள்ள இடத்துக்குப் போனதும் அது காணாமல் போகும்.

சோதனை: அம்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

தீம் பட்டியலில் அம்பின் படம் அழகாகத் தெரியும். அதைப் பார்த்து "இது நல்லா இருக்கு" என்று முடிவு செய்துவிடுகிறோம். ஆனால் விண்ணப்பம் நிரப்பும்போது கண் பாதி நேரம் தேடுவது எழுதும் இடத்துக் கோட்டைத்தான். சில தீம்களில் அம்பு பெரிதாகவும் அந்தக் கோடு தலைமுடி போலவும் இருக்கும். எனவே இப்படிச் சோதியுங்கள்:

1. வெள்ளைப் பக்கத்தில் எழுதும் பெட்டிகள் உள்ள ஏதாவது ஒரு விண்ணப்பப் பக்கத்தைத் திறங்கள்.
2. அந்த லேப்டாப்பைப் பயன்படுத்தப்போகும் பெரியவரையே உட்கார வையுங்கள். அவர் வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு, வழக்கமான தூரத்தில்.
3. அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மவுஸை நகர்த்தி ஒரு பெட்டிக்குள் வையுங்கள்.
4. கண்ணைத் திறந்து, மவுஸை அசைக்காமல், கோடு எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள்.
5. மூன்று முறை செய்யுங்கள். மூன்று முறையும் உடனே காட்டினால் அந்தத் தீம் அவருக்குப் பொருந்தும். தடுமாறினால் வேறு தீம், அல்லது ஒரு படி பெரிய அளவு.

"எனக்குத் தெரியுதே" என்று பேரன் சொல்வது இங்கே கணக்கில் வராது. வீட்டில் யாருடைய கண் மிகவும் பலவீனமோ, அவர் சொல்வதுதான் முடிவு.

மூன்றாம் படி: வெளியிலிருந்து தீம் கொண்டுவருதல்

கிடங்கில் இல்லாத தீம்களும் இணையத்தில் நிறைய உண்டு. 'பிபாட்டா' என்ற தீமில் அம்பர் என்ற ஆரஞ்சு மஞ்சள் நிற வகை இருக்கிறது. கறுப்பு வெள்ளை இரண்டும் கண்ணுக்கு ஒத்துவராதவர்கள் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

இறக்கிய கோப்பு ஒரு சுருக்கப்பட்ட பொதியாக இருக்கும். வலது கிளிக் செய்து 'எக்ஸ்ட்ராக்ட்' கொடுத்தால் ஒரு ஃபோல்டர் கிடைக்கும். அதற்குள் 'கர்சர்ஸ்' என்ற ஃபோல்டரும் 'இன்டெக்ஸ் டாட் தீம்' என்ற சிறு கோப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது முறையான தீம்.

அடுத்து உங்கள் ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோலையும் எச் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். அவற்றில் முதலில் ஒரு புள்ளி, அதை ஒட்டி ஐ, சி, ஓ, என், எஸ் என்ற ஆங்கிலச் சிறிய எழுத்துகள் கொண்ட ஃபோல்டர் இருக்கும். இல்லாவிட்டால் அதே பெயரில் நீங்களே உருவாக்குங்கள். தீம் ஃபோல்டரை அதற்குள் போட்டுவிட்டு, செட்டிங்ஸை மூடித் திறந்தால் பட்டியலில் புதிய பெயர் வரும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள்:

ஒன்று, கர்சர் தீம் என்பது வெறும் படங்கள். அதைப் போட பாஸ்வேர்டு தேவையே இல்லை. இறக்கிய பொதி ஏதாவது மென்பொருளை இயக்கச் சொன்னாலோ, நிர்வாகி பாஸ்வேர்டு கேட்டாலோ கொடுக்காதீர்கள். நீக்கிவிட்டு வேறு தீம் பாருங்கள்.

இரண்டு, அளவு. ஒரு தீமை உருவாக்கியவர் 24 புள்ளிப் படத்தை மட்டும் வரைந்து வைத்திருந்தால், நீங்கள் செட்டிங்ஸில் 64 கொடுத்தாலும் பெரும்பாலும் அதே சிறிய அம்புதான் வரும். உங்கள் மேல் தவறில்லை, தீமில் பெரிய படம் இல்லை, அவ்வளவுதான். பல அளவுகள் உள்ள தீமையே தேர்ந்தெடுங்கள்.

ஒரு லேப்டாப், நாலு பேர்

"பாப்பா பச்சை அம்பு கேட்கிறாள், அத்தா சின்ன அம்புதான் வேண்டும் என்கிறார், நன்னிமாவுக்குப் பெரிசு வேண்டும். ஒரே லேப்டாப்பில் எப்படி?" என்று ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. சண்டையே வேண்டாம். செட்டிங்ஸில் 'யூசர்ஸ்' பகுதியில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். அம்பின் அளவும் தீமும் கணக்குக்குக் கணக்கு தனித்தனி. நன்னிமா தம் பெயரை அழுத்தி உள்ளே வந்தால் அவருடைய பெரிய கறுப்பு அம்பு தயாராக இருக்கும். பாப்பா வந்தால் பச்சை அம்பு.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நன்னிமாவின் வங்கி விவரமும் சான்றிதழ்களும் அவர் கணக்கிலேயே, அவர் பாஸ்வேர்டுக்குள்ளேயே இருக்கும். பிள்ளைகள் விளையாடும்போது தவறுதலாக அழியாது. வீட்டுக்குள்ளும் ஒவ்வொருவருக்கும் ஒரு மரியாதை இருக்கிறதல்லவா?

பிள்ளைகள் நிறம் தேர்ந்தெடுத்து அழகு பார்ப்பதில் தவறில்லை. பரீட்சை நேரத்தில் மணிக்கணக்காகத் தீம் மாற்றிக்கொண்டிருக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்!

கூடவே செய்ய வேண்டிய இரண்டு

வேகம்: கை நடுக்கம் உள்ளவருக்கு அம்பு பெரிதானாலும், வேகமாக ஓடினால் பயனில்லை. 'மவுஸ்' பகுதியில் 'பாயிண்டர் ஸ்பீட்' என்பதை மெதுவான பக்கம் தள்ளி வையுங்கள். டச்பேடில் விரல் தடுமாறினால் ஒரு சாதாரண மவுஸ் வாங்கிக் கொடுங்கள்.

தேடும் பொத்தான்: க்னோமின் புதிய பதிப்புகளிலும், சின்னமன், மேட் ஆகியவற்றிலும், கன்ட்ரோல் விசையைத் தட்டினால் அம்பு இருக்கும் இடத்தைச் சுற்றி வட்டம் விரியும் வசதி உண்டு. மவுஸ் அல்லது ஆக்சஸிபிலிட்டி பகுதியில் அதை இயக்கி வைக்க வேண்டும். கேடிஇயின் 2024-இல் வந்த 6.1 பதிப்பு முதல் மவுஸை வேகமாக இப்படியும் அப்படியும் அசைத்தாலே அம்பு ஒரு கணம் பெரிதாகிக் காட்டும். "அம்பு எங்கே போச்சு" என்ற கேள்விக்கு இதுவே நேரடிப் பதில்.

மாற்றியும் மாறவில்லையா?

சில மென்பொருள்களுக்குள் மட்டும் பழைய அம்பு தெரியலாம். ஒருமுறை லாக் அவுட் செய்து மீண்டும் உள்ளே வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சில உருவங்கள் மட்டும் வேறு மாதிரி வந்தால், அந்தத் தீம் முழுமையானது அல்ல என்று பொருள். தன்னிடம் இல்லாத உருவத்தை அது வேறு தீமிலிருந்து கடன் வாங்குகிறது. முழுமையான தீமுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

நுழைவுத் திரையில் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது பழைய சிறு அம்பே தெரிவதும் இயல்பு. அந்தத் திரை எந்த ஒருவருடைய கணக்குக்கும் உரியதல்ல. அங்கே அம்புக்குறி மேல் நோக்கும் கீழ் நோக்கும் விசைகளையும் என்டர் விசையையும் பயன்படுத்திப் பெயரைத் தேர்ந்தெடுக்கலாம்.

எது செய்தும் குழம்பிப் போனால் தீமை 'அத்வைதா' அல்லது 'டிஃபால்ட்' என்றும், அளவை 24 என்றும் வையுங்கள். தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம். எதுவும் கெட்டுப்போகாது. பயப்பட வேண்டாம்.

ஏன் லினக்ஸ்?

"கடையில் கொடுத்தால் முந்நூறு நானூறு ரூபாய்க்கு எல்லாம் போட்டுத் தருகிறார்களே" என்று சிலர் கேட்கிறார்கள். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை உரிமம் இல்லாமல் பூட்டு உடைத்துப் போடுவது அடுத்தவர் உழைப்பை அனுமதியின்றி எடுப்பதாகும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கத்தை நாமே கற்றுக்கொடுக்கக் கூடாது. அப்படி உடைத்த மென்பொருளோடு வங்கி விவரத்தைத் திருடும் நச்சுநிரல்களும் சேர்ந்தே வருவதுண்டு.

லினக்ஸும் நாம் மேலே பெயர் சொன்ன தீம்களும் உருவாக்கியவர்களே மனமுவந்து, பயன்படுத்துங்கள், மாற்றுங்கள், பிறருக்கும் கொடுங்கள் என்று உரிமம் எழுதிக் கொடுத்தவை. பென்டிரைவில் போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாலும் யாருடைய ஹக்கையும் நாம் பறிக்கவில்லை. தமிழில் இதைக் கற்றுக்கொள்ள விரும்பும் மாணவர்களுக்கு 2012 முதல் 'கணியம்' என்ற இணைய இதழ் கட்டற்ற மென்பொருள்கள் பற்றிய கட்டுரைகளையும் மின்னூல்களையும் இலவசமாகத் தந்து வருகிறது.

வீட்டுப் பாடம்

இந்த வாரம் பிள்ளைகள் செய்ய வேண்டியவை மூன்று:

1. பீரோ மேல் இருக்கும் லேப்டாப்பை இறக்கித் துடைத்து, சார்ஜ் போட்டு, வேலை செய்கிறதா என்று பாருங்கள்.
2. வீட்டில் மூத்தவருக்குத் தனிக் கணக்கு உருவாக்கி, கண்ணை மூடித் திறக்கும் சோதனையைச் செய்து, அவருக்குப் பொருந்தும் அளவையும் தீமையும் வையுங்கள். வைத்ததை ஒரு தாளில் எழுதி லேப்டாப்பின் அடியில் ஒட்டுங்கள்.
3. ஏழு உருவங்களையும் சொல்லிக் கொடுத்து, அவர் கையாலேயே தம் பெயரையும் ஊரையும் தட்டச்சு செய்ய விடுங்கள். தவறினால் பொறுத்திருங்கள். மவுஸை மட்டும் வாங்காதீர்கள்.

லேப்டாப் திறக்கவே இல்லை, லினக்ஸ் போடத் தெரியவில்லை என்பவர்கள் சனிக்கிழமை மாலை நம் அறைக்குக் கொண்டுவாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து பார்ப்போம். கட்டணம் கிடையாது.

அந்த நன்னிமா அடுத்த வாரமும் வந்தார், பேத்தியின் உதவித்தொகை விண்ணப்பத்துக்காக. இம்முறை அளவு 64, கறுப்பு அம்பு. முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு இடத்தில் தவறி, அவரே திருத்தினார். ஓடிபி வந்தபோது எங்களில் ஒருவர் பழக்க தோஷத்தில் போனுக்குக் கை நீட்டினார். "இரு தம்பி, நானே போட்டுக்கிறேன்" என்று போனைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அல்ஹம்துலில்லாஹ். அல்லாஹ் நம் அனைவரின் பார்வையிலும் அறிவிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.